மூடாத பந்து, கழன்று வரும் நாக்கு: காகித வடிவங்களில் பிழை கண்டு நீக்கும் வழி

சதுரத் தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகிச் செய்யும் கனவடிவங்களும், காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாக முடைந்து செய்யும் பந்துகளும் கோணிப்போகும்போது பெரும்பாலோர் முதலில் தேடுவது பசையைத்தான். பசை வைத்துச் சரியான வடிவம் ஒன்றைக்கூட நான் இதுவரை கண்டதில்லை. பிழை ஏறக்குறைய எப்போதும் இரண்டு மூன்று படிகளுக்கு முன்பே, தாளை வெட்டிய இடத்திலோ முதல் மடிப்பிலோ எண்ணிக்கையிலோ நிகழ்ந்திருக்கும். ஒட்டினால் அது மறையுமே தவிரத் தீராது. எனவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காரணங்களை எளியதிலிருந்து செலவு மிக்கது வரை வரிசையாகத் தந்திருக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் உருவத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேரே செல்லலாம்.

செருகும் வடிவங்களுக்கு எடுத்துக்காட்டாக, பலரும் முதலில் கற்கும் சோனோபே அலகையே எடுத்துக்கொள்கிறேன். அலகு என்பது ஒரு சதுரத் தாளை மடித்துச் செய்யும் ஒரு துண்டு. ஒவ்வோர் அலகிலும் நடுவில் ஒரு சதுரமும், இரு முனைகளில் முக்கோண வடிவில் இரண்டு நாக்குகளும், சதுரத்தின் முகப்பில் இரண்டு பைகளும் இருக்கும். மூன்று அலகுகள் சேருமிடத்தில் எழும் கூர்மையைச் சிகரம் என்றும், சிகரங்களுக்கு இடையே அமிழ்ந்திருக்கும் புள்ளியைப் பள்ளம் என்றும் குறிப்பிடுகிறேன். ஓர் அளவுகோல், ஒரு மூலைமட்டம், மழுங்கிய முனையுள்ள ஒரு சிறு இடுக்கி, சில துணிக் கிளிப்புகள் ஆகியவை அருகில் இருந்தால் போதும்.

அறிகுறி 1: நாக்கு பைக்குள் போக மறுக்கிறது

*ஒரு சில அலகுகள் மட்டும் மறுத்தால்*

அவை எதிர்ப்பக்கமாக மடிக்கப்பட்டவை என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். எல்லா அலகுகளையும் பைகள் மேலே தெரியும்படி மேசையில் ஒரே வரிசையாக அடுக்கி, நாக்குகளைப் பிரித்து நீட்டிவிடுங்கள். ஒவ்வோர் அலகும் சாய்ந்த இணைகரமாகத் தெரியும். அந்தச் சாய்வு எல்லாவற்றிலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறுபுறம் சாய்ந்திருந்தால், அதை எப்படிச் சுழற்றினாலும் மற்றவற்றோடு சேராது. கவிழ்த்தால் சாய்வு மாறியதுபோல் தோன்றும், ஆனால் பைகள் கீழே போய்விடும். ஆறு பேர் ஆளுக்கு ஐந்தாக மடித்த 30 அலகுகளைக் கோக்க முடியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போராடியிருக்கிறேன். ஒருவர் மடித்த ஐந்தும் கண்ணாடியில் பார்த்தவைபோல் இருந்தன. அவர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான்: எதிரெதிர் மூலைகளை மடிக்கும்போது மற்ற இணையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அந்த மூலை மடிப்புகளைப் பிரித்து மறுபடி மடித்தால் அலகு சரியாகிவிடும். பழைய மடிப்புக் கோடு முகப்பில் தெரிவது உறுத்தினால் புதிய தாளை எடுப்பதே நல்லது.

*எல்லா அலகுகளும் இறுக்கமாக மறுத்தால்*

நாக்கு பைக்குள் நுழைகிறதா, அல்லது பைக்குக் கீழே இருக்கும் வேறோர் அடுக்குக்குள் நுழைய முயல்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாக மடித்த அலகில் பையின் வாய் ஒட்டிக்கொண்டிருப்பதால், அதை விரல்நகத்தால் ஒருமுறை திறந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் நுழையவில்லையெனில் தாள் தடித்தது அல்லது சதுரம் சிறியது. 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அச்சுத்தாளில் 7.5 செ.மீ. சதுரம் வசதியாக இருக்கும். அதே தாளில் 4 செ.மீ. சதுரத்தை மடித்தால் அடுக்குகளின் தடிப்பே பையை நிரப்பிவிடும். சிறிய உருவம் வேண்டுமென்றால் 60 முதல் 70 ஜிஎஸ்எம் வரையுள்ள மெல்லிய தாளுக்கு மாறுங்கள்.

*முதலில் நுழைந்து, பாதியில் நின்றால்*

நாக்கின் ஓரம் பையின் உள்மடிப்பில் இடிக்கிறது. அந்த அலகின் பக்கவிளிம்புகள் நடுக்கோட்டைத் தாண்டி மடிக்கப்பட்டிருப்பதே காரணம். இரண்டு விளிம்புகளும் நடுக்கோட்டில் ஒன்றையொன்று தொடாமல், மயிரிழை இடைவெளி விட்டு நிற்குமாறு மடித்துப் பழகுங்கள்.

அறிகுறி 2: நாக்கு நுழைகிறது, ஆனால் கழன்று வருகிறது

*உருவத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே கழன்றால்*

இது பெரும்பாலும் பிழையே அல்ல. சிகரத்தின் மூன்றாவது நாக்கும் செருகப்படும் வரை முதல் இரண்டும் எதையும் பிடித்திருப்பதில்லை. ஒவ்வொரு சிகரத்தையும் முடித்த பின்னரே அடுத்ததைத் தொடங்குங்கள். அதுவரை துணிக் கிளிப் பிடித்திருக்கட்டும். முடித்த சிகரத்திலும் கழன்றால், நாக்கு அடிவரை போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாக்கின் அடியிலுள்ள மடிப்புக் கோடும் பக்கத்து அலகின் சதுர விளிம்பும் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பொருந்தியிருக்க வேண்டும். அங்கே ஒரு மில்லிமீட்டர் வெள்ளைக்கோடு தெரிந்தால்கூட அந்தச் சிகரம் நிலைக்காது.

*உருவம் முடிந்த பிறகு கழன்றால்*

மடிப்புகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நாக்கின் அடிமடிப்பு கூர்மையாக இல்லாவிட்டால், தாள் தன் பழைய தட்டை நிலைக்குத் திரும்ப முயன்று நாக்கை மெதுவாக வெளியே தள்ளும். விரலால் மட்டும் தேய்த்த மடிப்புக்கும், கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்த மடிப்புக்கும் உள்ள வேறுபாடு மறுநாள்தான் தெரியும். அடுத்த காரணம் வழுவழுப்பான பூச்சுள்ள தாள். அழகாக இருக்கும் பளபளப்புத் தாள்களில் உராய்வு மிகக் குறைவு என்பதால், பத்திரிகை அட்டையைப் போன்றவற்றைச் செருகும் உருவங்களுக்கு நான் எடுப்பதே இல்லை. இவை இரண்டும் இல்லையெனில், அலகுகள் ஒரே அளவில் இல்லை. அதற்கு அறிகுறி 5-ஐப் பாருங்கள்.

பசை வைத்தே ஆக வேண்டிய ஒரே சூழல், பலர் கையிலெடுத்துப் பார்க்கும் உருவம் அல்லது தொங்கவிடும் உருவம். அப்போதும் நாக்கின் நுனியில் ஒரு புள்ளி மட்டும் போதும். நீர் கலந்த பசையை நாக்கு முழுவதும் தடவினால் தாள் ஊறி நெளிந்துவிடும்.

அறிகுறி 3: பந்து மூட மறுக்கிறது, அல்லது எதிர்பாராமல் சீக்கிரமே மூடிக்கொள்கிறது

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியவை. இதில் மடிப்பின் நேர்த்தி பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை, எண்ணிக்கைதான் காரணம். எனவே எதையும் பிரிக்கும் முன் எண்ணுங்கள்.

*முதல் சோதனை: சிகரங்கள்*

சோனோபே உருவங்கள் அனைத்திலும் ஒரு சிகரத்தில் மூன்று அலகுகள்தான் சேரும். எங்காவது நான்கு சேர்ந்திருந்தால் அந்தச் சிகரம் தாழ்ந்து, தளர்ந்து, சதுர அடியுடன் தெரியும். அதை மட்டும் பிரித்துத் திருத்தினால் போதும். அலகுகளின் மொத்த எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் சிகரங்களின் எண்ணிக்கை கிடைக்கும். 6 அலகுக் கனசதுரத்தில் 4 சிகரங்கள், 12 அலகு உருவத்தில் 8, 30 அலகுப் பந்தில் 20. மீதி வந்தால், அத்தனை அலகுகளைக் கொண்டு முழுவதும் மூடிய உருவம் செய்யவே முடியாது. 20 அலகுகளை மடித்துவிட்டு மூடவில்லை என்று வருந்துவோரை அவ்வப்போது காண்கிறேன்.

*இரண்டாவது சோதனை: பள்ளங்கள்*

சிகரங்கள் சரியாக இருந்தால் பள்ளங்களுக்குச் செல்லுங்கள். ஒரு பள்ளத்தைச் சுற்றி எத்தனை சிகரங்கள் நிற்கின்றன என்பதே உருவத்தை முடிவு செய்கிறது.

மூன்று நின்றால் கனசதுரம். நான்கு நின்றால் 12 அலகுகளில் மூடிக்கொள்ளும் நட்சத்திர உருவம். 30 அலகுகளுடன் தொடங்கி, பன்னிரண்டிலேயே மூடிவிட்டு, பதினெட்டு மிச்சம் கையில் இருக்கிறது என்றால் நடந்தது இதுதான். ஐந்து நின்றால் 30 அலகுப் பந்து. அதில் இத்தகைய பள்ளங்கள் சரியாக 12 இருக்கும். ஆறு நின்றால் அந்த இடம் வளையாது. விரிப்புபோல் பரந்துகொண்டே போகும். ஏழு நின்றால் ஓரங்கள் குதிரைச் சேணம்போல் எதிரெதிராக அலைபாயும்.

ஒரே பந்தில் சில பள்ளங்கள் நான்காகவும் சில ஐந்தாகவும் இருந்தால், அது மூடக்கூடும், ஆனால் உருளைக்கிழங்குபோல் கோணலாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணி முடித்ததும் அதில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். புள்ளி வைக்காமல் எண்ணினால் ஒரே பள்ளத்தை இருமுறை எண்ணிவிடுவது உறுதி. நான் இன்றும் வைக்கிறேன்.

90 அலகுப் பெரிய பந்தில் 12 பள்ளங்களைச் சுற்றி ஐந்தைந்து சிகரங்களும், 20 பள்ளங்களைச் சுற்றி ஆறாறு சிகரங்களும் வர வேண்டும். ஐந்து, ஆறு ஆகிய இரண்டு மட்டுமே கலந்து வரும் எந்தப் பந்தை எடுத்தாலும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஐந்து நிற்கும் பள்ளங்கள் பன்னிரண்டுதான். பதினொன்றாக இருந்தால் மூடாது. கணிதவியலர் தாமஸ் ஹல் உருவாக்கிய பிஸ் (PHiZZ) என்ற வேறு வகை அலகைக் கொண்டு செய்யும் சல்லடைப் பந்துகளுக்கும் இதுவே பொருந்தும். அங்கே பள்ளங்களுக்குப் பதிலாக ஐங்கோண ஓட்டைகளை எண்ண வேண்டும்: 30 அலகில் 12 ஐங்கோணங்கள், 90 அலகில் 12 ஐங்கோணங்களும் 20 அறுகோணங்களும்.

*மூன்றாவது சோதனை: மூலைவிட்ட மடிப்பு*

எண்ணிக்கை எல்லாம் சரி, ஆனாலும் உருவம் வெளியே பிதுங்குகிறது என்றால், அலகின் நடுச்சதுரத்தில் உள்ள மூலைவிட்ட மடிப்பைப் பாருங்கள். 12 அலகிலும் 30 அலகிலும் அந்தக் கோடு வெளியிலிருந்து பார்க்கும்போது பள்ளமாக அமிழ வேண்டும். நாக்குகளின் அடிமடிப்புகள் மேடாக எழ வேண்டும். கனசதுரத்தில் மூலைவிட்ட மடிப்பே தேவையில்லை. பழக்கத்தில் மடித்துவிட்டால் கனசதுரத்தின் முகங்கள் தட்டையாக நிற்காமல் நெளியும். மூன்றே அலகுகளில் செய்யும் சிறிய உருவத்தில் மட்டும் அது மேடாக வரும். முதலில் மூன்று அலகு உருவத்தைச் செய்து பழகிவிட்டு அதே அலகுகளைப் பெரிய பந்துக்குப் பயன்படுத்துவோருக்கு இந்தச் சிக்கல் தவறாமல் வரும். கோட்டை மறுபக்கமாக ஒருமுறை அழுத்தி மடித்துவிட்டால் போதும்.

அறிகுறி 4: கடைசி அலகு மட்டும் இடம் பிடிக்கவில்லை

29 அலகுகள் அழகாக நிற்கும், முப்பதாவதைச் செருகும்போது பக்கத்துச் சிகரம் அவிழும். கடைசி அலகுக்கு நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்பதே இதற்குக் காரணம்: தன் இரண்டு நாக்குகளையும் அயலாரின் பைகளில் செருக வேண்டும், அயலாரின் இரண்டு நாக்குகளைத் தன் பைகளில் வாங்கிக்கொள்ளவும் வேண்டும். உள்ளே விரல் நுழையாது.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். மடிப்புகளை முன்னதாகவே வளைத்துக்கொண்டு, முதலில் அயலாரின் நாக்கு ஒன்றைக் கடைசி அலகின் பையில் பாதிவரை மட்டும் நுழைக்கிறேன். பிறகு அலகின் அதே பக்கத்து நாக்கை அடுத்த பையின் வாயில் வைத்து, அதையும் பாதியிலேயே நிறுத்துகிறேன். மறுபக்கத்திலும் இவ்வாறே. நான்கும் பாதியில் நிற்கும்போது அலகு கொஞ்சம் புடைத்து, கூரைபோல் எழும்பியிருக்கும். இப்போது இடது கையால் பந்தைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, இடுக்கியின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு நாக்கையும் சிறிது சிறிதாக, ஒன்று மாற்றி ஒன்றாக உள்ளே தள்ளினால், கடைசித் தள்ளலில் நடுச்சதுரம் உள்ளே அமிழ்ந்து உட்காரும். ஒரு நாக்கை முழுவதுமாகத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனால் நான்காவதுக்கு வழி கிடைக்காது.

இப்படிச் செய்தும் இடம் குறுகலாகவோ அகலமாகவோ தெரிந்தால், குறை கடைசி அலகில் இல்லை. முப்பதிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த அளவுப்பிழை இந்த இடத்தில் வெளிப்பட்டிருக்கிறது. அடுத்த தலைப்புக்குச் செல்லுங்கள்.

அறிகுறி 5: மூடியது, ஆனால் கோணலாக இருக்கிறது

முதலில் உண்மையிலேயே கோணல்தானா என்று அளந்து பாருங்கள். 30 அலகுப் பந்தில் ஒவ்வொரு சிகரத்துக்கும் நேர் எதிரே இன்னொரு சிகரம் இருப்பதால் அளப்பதற்குப் பத்து இணைகள் கிடைக்கும். சிகரத்திலிருந்து சிகரத்துக்கு உள்ள தூரம் சதுரத்தின் பக்கத்தைப்போல் ஏறத்தாழ 1.16 மடங்கு வர வேண்டும். 7.5 செ.மீ. தாளுக்கு அது சுமார் 8.7 செ.மீ. பத்தும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் பந்து நன்றாகவே இருக்கிறது; கண்தான் நிறங்களால் ஏமாறுகிறது.

*ஒரு திசையில் மட்டும் நீண்டிருந்தால்*

தாள் சதுரமாக இல்லை. மீந்த தாள்களில் பத்தை எடுத்து, அடுக்கித் தட்டிச் சமன் செய்து, அதில் ஐந்தை மட்டும் கால்சுற்றுத் திருப்பி மறுபடி மேலே வையுங்கள். ஓரத்தில் படி தெரிந்தால் நீளமும் அகலமும் வேறுபடுகின்றன. படியின் அகலமே பிழையின் அளவு. அரை மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மில்லிமீட்டர் என்றால் 30 அலகில் தெரியும், 90 அலகில் மூடவே மூடாது. சதுரம் என்று விற்கப்படும் வண்ணத்தாள்களையும் இவ்வாறு சோதித்த பிறகே நம்புகிறேன்.

*அங்கங்கே மேடு பள்ளமாக இருந்தால்*

இரண்டு வெவ்வேறு கட்டுத் தாள்கள் கலந்திருக்கலாம், அல்லது இழைத்திசை கலந்திருக்கலாம். எந்திரத்தில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் எளிதாக மடியும், குறுக்கே மடித்தால் எதிர்க்கும். தாளை உடையாமல் மெதுவாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் இளகிக் கொடுக்கிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாக இழை ஓடுகிறது. வெட்டுமுன் ஒவ்வொரு சதுரத்தின் பின்புறத்திலும் இழைத்திசையைப் பென்சிலால் சிறு கோடாகக் குறித்துவிட்டு, எல்லாவற்றிலும் முதல் மடிப்பை அந்தக் கோட்டுக்கு இணையாகப் போடுங்கள்.

*எப்போது அச்சகத்துக்குப் போவது*

நூறு தாள்களுக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தாலோ, தடித்த அட்டையாக இருந்தாலோ, கையில் கத்தியும் அளவுகோலுமாக உட்காருவது வீண். கட்டிங் மெஷின் உள்ள அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள். பிழை அரை மில்லிமீட்டர் வரைதான் தாங்கும் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். வாங்கும்போது கட்டின் மேல்தாளையும் அடித்தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்; கத்தி மழுங்கியிருந்தாலோ தாள் சரியாக அழுத்தப்படாமல் இருந்தாலோ இரண்டும் வேறு வேறு அளவில் வரும். அப்படி வந்த கட்டைத் திருப்பித் தருவதில் தயக்கம் வேண்டாம்.

அறிகுறி 6: முடைந்த உருவம் தளர்கிறது அல்லது நெளிகிறது

*மூன்று பட்டைக் கனசதுரம்: கடைசி முனையைச் செருக இடமில்லை*

மூன்று பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டங்கள்: நான்கு கட்டங்கள் கனசதுரத்தைச் சுற்றிவர, ஐந்தாவது ஒளிந்துகொள்ள. ஒவ்வொரு முகத்திலும் இரண்டு பட்டைகள் குறுக்கிடும். ஒன்று வெளியே, மற்றொன்று உள்ளே. மூன்று நிறங்களில் செய்திருந்தால் சோதனை எளிது: எதிரெதிர் முகங்களில் ஒரே நிறம் தெரிய வேண்டும். அடுத்தடுத்த முகங்களில் ஒரே நிறம் தெரிந்தால், அந்தப் பட்டை வெளியே, உள்ளே என்று மாறி மாறிச் செல்லாமல் தொடர்ந்து இருமுறை வெளியே வந்துவிட்டது. அந்தப் பட்டையை மட்டும் பின்னோக்கி உருவிச் சரிசெய்யுங்கள்.

நிறங்கள் சரி, ஆனால் முகங்கள் புடைக்கின்றன என்றால் கட்டத்தின் நீளமும் பட்டையின் அகலமும் துல்லியமாகச் சமமாக இருக்கின்றன. சமமாக இருப்பது இங்கே குறைதான், ஏனெனில் அடியிலுள்ள பட்டையின் தடிப்புக்கு இடம் வேண்டும். 5 செ.மீ. அகலப் பட்டைக்குக் கட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டிக் குறியுங்கள்.

*ஆறு பட்டைப் பந்து: ஓரிடத்தில் மட்டும் பட்டை நழுவுகிறது*

இந்தப் பந்தில் ஒவ்வொரு பட்டையும் மற்ற ஐந்தையும் இருமுறை வீதம் சந்திக்கும். ஆக ஒரு பட்டையில் 10 சந்திப்புகள், பந்து முழுவதிலும் 30. ஓட்டைகள் 32: அவற்றில் 12 ஐங்கோணம், 20 முக்கோணம். நழுவும் இடத்துக்கு அருகிலுள்ள ஒரு பட்டையின்மேல் விரலை வைத்து, "மேல், கீழ், மேல், கீழ்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒரு முழுச்சுற்று வாருங்கள்.

"மேல், மேல், மேல்" என்று மூன்று தொடர்ந்து வந்தால் நடுவிலுள்ள சந்திப்பு மட்டும் தவறு. அதைக் குறுக்கே கடக்கும் பட்டையில் "கீழ்" மூன்று முறை வரும். சரிபார்த்துக்கொண்டு, இரண்டில் எதன் முனை அருகில் இருக்கிறதோ அதை மட்டும் அந்தச் சந்திப்பு வரை உருவி, மறுபுறமாக விட்டுக் கோத்துவிடுங்கள். "மேல், மேல்" என்று இரண்டு மட்டும் தொடர்ந்தால் சிக்கல் கொஞ்சம் பெரியது: அடுத்தடுத்த சந்திப்புகள் சில சேர்ந்தே மாறியிருக்கலாம், அல்லது அந்தப் பட்டை தடம் மாறியிருக்கலாம். சந்திப்புகளை எண்ணுங்கள், பத்து வராவிட்டால் பட்டை தடம் மாறியிருக்கிறது. அப்போது பக்கத்தில் நாற்கோண ஓட்டையோ அறுகோண ஓட்டையோ இருக்கும். அதன் ஓரமாகத்தான் பட்டை தடம் மாறியிருக்கும்.

இரண்டுக்கு மேற்பட்ட பட்டைகளில் இப்படி இருந்தால் திருத்துவதைவிடப் பிரித்துவிடுவதே விரைவானது. மறுமுறை தொடங்கும்போது ஐந்து பட்டைகளால் ஓர் ஐங்கோணத்தைப் பூட்டி, அதைச் சுற்றி ஐந்து முக்கோணங்களை முதலில் முடித்துக் கிளிப் போடுங்கள். ஆறாவது பட்டை பந்தின் இடுப்பைச் சுற்றி வரும் வளையம். மற்ற ஐந்தும் அதை இருமுறை வீதம் கடக்கும்.

*சந்திப்புகள் எல்லாம் சரி, ஆனால் பட்டைகள் மடங்கிச் சுருங்குகின்றன*

பட்டை தேவைக்கு மேல் அகலமானது. ஆறு பட்டைப் பந்தில் வளையத்தின் சுற்றளவு பட்டையின் அகலத்தைப்போல் 16.6 மடங்காக இருக்கும்போதே முக்கோண ஓட்டைகள் முற்றிலும் அடைபட்டுவிடும். அதற்குக் குறைந்தால் பட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி மடங்கும். நான் 18 மடங்கு வைக்கிறேன். ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் 1.5 செ.மீ. அகலத்துக்குப் பட்டைகளை வெட்டினால் கணக்கு வியப்பூட்டும் வகையில் பொருந்தும்: 29.7 செ.மீ. நீளத்தை 2.7 செ.மீ. வீதம் பதினொரு துண்டுகளாகக் குறித்தால், பத்துத் துண்டுகள் 27 செ.மீ. சுற்றளவாகவும், பதினொன்றாவது ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியாகவும் அமையும். சந்திப்புகள் அனைத்தும் குறிகளின்மேல் விழ வேண்டும். பந்தின் விட்டம் சுமார் 8.6 செ.மீ. வரும்.

நான்கு பட்டைப் பந்துக்கு இந்த எல்லை சுமார் 9.2 மடங்கு, பத்து வைத்தால் நன்றாக நிற்கும். அதில் பட்டைக்கு 6 சந்திப்புகள், மொத்தம் 12, ஓட்டைகளில் 8 முக்கோணம், 6 சதுரம்.

*பட்டை தளர்ந்து தொங்கினால்*

வளையங்களின் சுற்றளவு ஒன்றாக இல்லை. படியும் பகுதியைக் கண்ணால் ஒட்டாமல், குறிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியே ஒட்டுங்கள். இணைப்பு எப்போதும் வேறொரு பட்டைக்கு அடியில் மறையட்டும்.

அறிகுறி 7: மடிப்பில் வெடிப்பு, வெள்ளைக்கோடு

தடித்த தாளை இழைக்குக் குறுக்கே மடித்ததே பெரும்பாலும் காரணம். 160 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட அட்டையை நேரடியாக மடிக்காமல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒருமுறை அழுத்திக் கோடிட்ட பின் மடியுங்கள். இருமுறை கோடிட்டால் தாள் வெட்டுப்படும். அச்சிட்ட பூச்சுத்தாளில் நிறம் உதிர்ந்து வெண்மை தெரிந்தால் அதைக் கையால் தவிர்ப்பது கடினம். நிறைய அலகுகள் வேண்டுமென்றால் அச்சகத்தில் கிரீசிங் (மடிப்புக் கோட்டை எந்திரத்தால் அழுத்திப் பதிப்பது) செய்து வாங்கலாம், இல்லையெனில் நிறம் உள்வரை ஊறிய தாளுக்கு மாறலாம்.

அறிகுறி 8: சில நாள்களில் தொய்ந்து போகிறது

ஈரக்காற்றில் தாள் ஊதும், அதுவும் இழைக்குக் குறுக்காகவே அதிகம் ஊதும். காய்ந்தபின் மடிப்புகள் பழைய கூர்மைக்குத் திரும்புவதில்லை. உலர்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்து, நாக்குகளை மீண்டும் அடிவரை தள்ளிப் பாருங்கள். வெயிலிலோ அடுப்பருகிலோ காய வைத்தால் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

தொங்கவிட்ட பந்து தொய்ந்தால் நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே சிகரத்தின் நுனியில் எடை முழுவதும் விழுந்தால் அந்தச் சிகரம் நாளடைவில் வாய் திறக்கும். பந்தை மூடுமுன், நூலின் முனையில் ஒரு மணியைக் கோத்து உள்ளே விட்டு, நூலைச் சிகரத்தின் வழியே வெளியே எடுங்கள். மணி உள்ளிருந்து மூன்று அலகுகளையும் சேர்த்துத் தாங்கும். ஆள்நடமாட்டம் உள்ள இடத்தில் தலைக்குமேல் பெரிய உருவங்களைத் தொங்கவிடுவதாக இருந்தால், கூரையில் கொக்கி பொருத்துவதை அந்த வேலை தெரிந்தவரிடமே விடுங்கள்.

பூஞ்சணம் பிடித்த உருவத்தைத் துடைத்துக் காப்பாற்ற முயல வேண்டாம். உங்களுடையதென்றால் மறுபடி மடித்துவிடலாம். வேறொருவர் மடித்துத் தந்ததாகவோ, மறுபடி செய்யவே முடியாத பழைய உருவமாகவோ இருந்தால், அதை உறையிலிட்டுத் தனியே வைத்துவிட்டு, காகிதப் பொருள்களைப் பாதுகாக்கும் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 9: உருவம் சரி, நிறங்கள் மட்டும் மோதுகின்றன

மூன்று நிறங்களில் பத்துப் பத்தாக 30 அலகுகளை எடுத்து, ஒவ்வொரு சிகரத்திலும் மூன்று நிறமும் வரும்படி அமைக்க முடியும். ஆனால் போகிற போக்கில் செருகினால் கடைசி இரண்டு சிகரங்களில் ஒரே நிறம் இருமுறை வந்து நிற்கும். ஒரு பள்ளத்தைச் சுற்றி ஐந்து அலகுகள் இருப்பதால், இரண்டு நிறங்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்து ஒரு பள்ளத்தை முடிக்க இயலாது. மூன்றாவது நிறமும் அங்கே வந்தாக வேண்டும். எங்காவது ஒரு பள்ளத்தில் இரண்டே நிறங்கள் தெரிந்தால் அந்தப் பள்ளத்திலிருந்துதான் பிழை தொடங்கியிருக்கிறது. அதுவரை பிரித்து, மீதியை முதலில் தாளில் வரைந்து நிறம் குறித்துக்கொண்டு செருகுங்கள்.